தொடர்கள் எந்த வகுப்பில் வரும்?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் இரண்டரை ஆண்டுகள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 2022 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நானும் என் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, பென்சிலால் நிரப்பிய அட்டவணை அது. கட்டங்களின் தலைப்பில் கல்லூரிப் பருவங்கள்: ஸ்ப்ரிங், சம்மர், ஃபால், மீண்டும் ஸ்ப்ரிங். கட்டங்களுக்குள் பாடங்களின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சற்றுப் பெரிய எழுத்தில், "2023 ஃபால், யூசி, கணிதம்" (யூசி என்பது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்). பின்னாளில் அந்த 2023 அடிக்கப்பட்டு, பக்கத்தில் 2024 என்று எழுதப்பட்டது. பென்சில் எழுத்துதானே, ரப்பரால் அழித்திருக்கலாம். மகள் பேனாவால் அடித்தாள், கொஞ்சம் கோபத்தோடு. கலிஃபோர்னியாவில் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் முடிக்க நினைக்கும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோரும் இப்போது என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அந்த அடித்தலில்தான் பதில் இருக்கிறது.

மகள் 2021-இல் பள்ளியை முடித்தாள். கடைசி ஒன்றரை ஆண்டுகளில் பெரும்பகுதி படுக்கையறையில் கணினித் திரைக்கு முன்னால் கழிந்திருந்தது. பள்ளியில் புள்ளியியல் எடுத்திருந்தாளே தவிர, நுண்கணிதத்தின் (கால்குலஸ்) பக்கம் போனதில்லை. என்ன படிப்பது என்று தெரியாமல் பெரிய தொகையைக் கட்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போக விருப்பமில்லை என்று அவளே சொன்னாள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பாளையங்கோட்டையிலிருந்து என் அக்கா தொலைபேசியில், "கம்யூனிட்டி காலேஜுன்னா நம்ம பாலிடெக்னிக் மாதிரியா?" என்று கேட்டாள். அப்படியில்லை என்று நான் விளக்கத் தொடங்கி, பாதியில் எனக்கே சரியாகத் தெரியாது என்பதை உணர்ந்து பேச்சை மாற்றினேன். முதல் பருவத்தில் அவள் எடுத்த பாடங்களில், நுண்கணிதத்துக்குத் தயார்செய்யும் ப்ரீகால்குலஸ் ஒன்று. டிசம்பர் மாதத் தேர்வு முடிந்ததும், "அம்மா, நான் மேத்ஸ் மேஜர் பண்ணப்போறேன்" என்றாள். நான் திருநெல்வேலியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். மகிழ்ச்சியை வெளியே காட்டாமல் இருக்க மிகவும் முயன்றேன்.

நான் படித்த காலத்தில் திட்டமிடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தை அச்சடித்துக் கொடுத்துவிடும். எந்தப் பருவத்தில் என்ன தாள், துணைப்பாடம் இயற்பியலா புள்ளியியலா என்பதெல்லாம் கல்லூரி முடிவு செய்யும். நாங்கள் போய் உட்கார்ந்தால் போதும். ரயிலில் ஏறிவிட்டால் தண்டவாளத்தைப் பற்றிப் பயணி கவலைப்படுவதில்லை. இங்கே, முதல் இரண்டு ஆண்டுகளுக்கான தண்டவாளத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளை தானே போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் தான் இன்னும் சேராத ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில் போய்ச் சேருகிற மாதிரி. இது எனக்குப் புரிய ஓர் ஆண்டு பிடித்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பழைய யோசனை இருக்கிறது. 1960-இல் கலிஃபோர்னியா தன் உயர்கல்விக்கென வகுத்த மாஸ்டர் ப்ளான், பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி எனப்படும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லாருக்கும் சமுதாயக் கல்லூரி என்று வாசல்களைப் பிரித்தது. அதோடு, சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்தவர் மூன்றாம் ஆண்டில் மற்ற இரண்டிலும் நுழைய வழி விட்டது. இன்று மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பாடத்தின் எடையை அளக்கிற அலகுக்கு யூனிட் என்று பெயர்; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். மாற்றலுக்குக் குறைந்தபட்சம் வேண்டிய 60 செமஸ்டர் யூனிட்டுகளைப் பெருக்கிப் பார்த்தால் 2,760 டாலர் வருகிறது. புத்தகமும் கார் நிறுத்தக் கட்டணமும் தனி. அக்காவிடம் இந்தத் தொகையை ரூபாயில் சொன்ன பிறகு அவள் பாலிடெக்னிக் பேச்சை எடுக்கவில்லை.

கணிதத்துக்கு மட்டும் உள்ள சிக்கல், அது ஒரு சங்கிலி என்பதுதான். வரலாறு படிக்கப் போகிறவர் எந்தப் பாடத்தை முன்னால் எடுத்தாலும் பின்னால் எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கணிதத்தில் ப்ரீகால்குலஸ் முடித்தால்தான் முதல் நுண்கணிதம், அது முடிந்தால்தான் இரண்டாவது, அதற்குப் பிறகுதான் மூன்றாவதான பன்மாறி நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் (லீனியர் அல்ஜீப்ரா) வகைக்கெழுச் சமன்பாடுகளும். இரண்டு ஆண்டுகளில் இருப்பவை நான்கு செமஸ்டர்கள். முதல் செமஸ்டரிலேயே முதல் நுண்கணிதத்தில் உட்காருகிறவர், மூன்றாவது செமஸ்டரில் பன்மாறியும் நான்காவதில் மற்ற இரண்டும் என்று மூச்சுத் திணறாமல் முடித்துவிடலாம். என் மகளைப்போல ப்ரீகால்குலஸில் தொடங்கியவருக்கு அந்த நான்கில் ஒன்று ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சமுள்ள மூன்றில், கடைசிச் செமஸ்டரில் மூன்று கனமான கணிதப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அதைத் தவிர்க்க ஒரே வழி இடையில் வரும் கோடைப் பருவம். (2022-இல் வந்த ஒரு சட்டம், கணிதம், அறிவியல், பொறியியல் படிக்க வருகிறவர்களை முடிந்தவரை நேராக நுண்கணித வகுப்பிலேயே சேர்க்கும்படி கல்லூரிகளைத் தள்ளுகிறது. ஒரு செமஸ்டர் மிச்சம்தான். ஆனால் முக்கோணவியலில் தடுமாறுகிற பிள்ளை அந்த மிச்சத்தைப் பின்னால் வட்டியோடு கட்டவும் நேரும் என்பது என் எண்ணம்.)

ஆகவே எங்கள் அட்டவணையில் 2022 சம்மர் கட்டத்தில் "கால்குலஸ் 2" என்று எழுதினோம். அவளுடைய கல்லூரியில் அந்தக் கோடையில் அந்த வகுப்பு வேலைநேரத்தோடு மோதியது. அவள் ஒரு கடையில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்த இன்னொரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு இருந்தது. அங்கே பாடத்தின் பெயர் 1பி. முதல் நுண்கணிதத்துக்கு 1ஏ, அடுத்தது 1பி, ஆகவே இதுதான் இரண்டாவது நுண்கணிதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆலோசனை சொல்ல இருந்த கவுன்சலரிடம் காட்டினோம். அவரும் எங்களைப்போலவே பெயரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சரி என்றார். மகள் ஆறு வாரம் தூக்கமில்லாமல் படித்து ஏ வாங்கினாள்.

ஆகஸ்ட் நடுவில், தன் கல்லூரியில் மூன்றாவது நுண்கணிதத்துக்குப் பதிவு செய்யப் போனபோது கணினி மறுத்தது. முன்தேவைப் பாடம் நிறைவேறவில்லை என்று வந்தது. மதிப்பெண் சான்றிதழை அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துக் கணிதத் துறையிலிருந்து மரியாதையான ஒரு பதில் வந்தது: நீங்கள் படித்த பாடத்தில் முடிவிலாத் தொடர்கள் (இன்ஃபினிட் சீரீஸ், முடிவில்லாமல் நீளும் கூட்டல்கள்) இல்லை, எங்கள் இரண்டாவது நுண்கணிதத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதில்லாமல் சேர்க்க இயலாது.

"என்னட்டி சொல்லுதே, சீரீஸ் நடத்தலையா?" என்று கேட்டேன். பதற்றத்தில் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். "இல்லம்மா. அது அடுத்த கிளாஸ்ல வரும்னு முதல் நாளே சொன்னாங்க. நான் அதப் பெருசா எடுத்துக்கல" என்றாள்.

நடந்தது இதுதான். சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆண்டை இரண்டு செமஸ்டர்களாகப் பிரிக்கின்றன. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற சில கல்லூரிகள் குவார்ட்டர் முறையில், கோடையை விட்டு மூன்று துண்டுகளாகப் பிரிக்கின்றன. நுண்கணிதம் என்கிற ஒரே நீண்ட துணியைச் செமஸ்டர்க்காரர்கள் மூன்றாக வெட்டுகிறார்கள். குவார்ட்டர்க்காரர்கள் நான்காக வெட்டி 1ஏ, 1பி, 1சி, 1டி என்று பெயரிடுகிறார்கள். செமஸ்டரின் முதல் பாடம் எல்லை, வகையிடல் எல்லாம் முடித்துத் தொகையிடலின் வாசல்வரை வந்துவிடும். குவார்ட்டரின் 1ஏ வகையிடலோடு நின்றுவிடும். தொகையிடல் முழுவதும் 1பி. தொடர்கள் 1சி-யில். பன்மாறி 1டி-யில். மகள் செமஸ்டரின் முதல் துண்டையும் குவார்ட்டரின் இரண்டாவது துண்டையும் சேர்த்துத் தைத்தாள். தையல் விழுந்த இடத்தில் கொஞ்சம் துணி இரட்டையாக மடிந்தது, அதற்கு அப்பால் தொடர்கள் என்கிற ஒரு முழம் காணாமலே போயிற்று. யூனிட்டுக் கணக்கில் ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரைக் குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம் என்று எளிதாக மாற்றிவிடலாம். பாடத்தின் உள்ளடக்கத்துக்கு அப்படி ஒரு வாய்பாடு கிடையாது.

அந்தக் குவார்ட்டர் கல்லூரியிலேயே தொடர்ந்து 1சி, 1டி என்று போயிருந்தால் ஆண்டு தப்பியிருக்கும். செப்டம்பர் கடைசியில்தான் அங்கே ஃபால் தொடங்கும் என்பதால் நேரமும் இருந்தது. ஆனால் நாங்கள் விழித்துக்கொண்டபோது 1சி வகுப்புகள் எல்லாம் நிரம்பி, அவளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதினேழாவது இடம் கிடைத்தது. முதல் வாரம் போய் வகுப்பின் பின்சுவர் ஓரமாக நின்றாள். அந்தச் சுவரோரம் அவளுக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஒரு வழியாகத் தன் கல்லூரியிலேயே இரண்டாவது நுண்கணிதத்தை முதலிலிருந்து எடுத்தாள். இரண்டு பாடமும் ஒன்றின்மேல் ஒன்று படிகிற பகுதிக்கு யூசி இரண்டு முறை யூனிட் தராது. அன்றைக்குத்தான் பேனாவால் அடித்தாள்.

அசிஸ்ட் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பொதுக் கல்லூரிகளுக்கிடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்கிற ஒப்பந்தங்களின் அதிகாரபூர்வமான இருப்பிடம் அதுவே. உங்கள் கல்லூரியையும் போக விரும்பும் பல்கலைக்கழகத்தையும் துறையையும் கொடுத்தால், இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடமும் வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் கல்லூரியின் பாடமும் வரும். நாங்கள் அதைப் பார்க்காமலில்லை, பலமுறை பார்த்தோம். பார்க்கத் தெரியவில்லை. யூசியின் டேவிஸ் வளாகத்துக் கணிதத் துறை 21ஏ, 21பி, 21சி, 21டி என்று நான்கு நுண்கணிதப் பாடங்களைக் கேட்கிறது. செமஸ்டர் கல்லூரியின் மூன்று பாடங்கள் சேர்ந்து அந்த நான்குக்கு ஈடாகும். குவார்ட்டர் கல்லூரியின் நான்கு பாடங்களும் சேர்ந்து ஈடாகும். ஒரு கல்லூரியின் பாதியும் இன்னொன்றின் பாதியும் சேர்ந்தால் என்ன என்பதற்கு அந்தப் பக்கத்தில் வரியே இல்லை. இல்லாத வரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதேபோல, வலப்பக்கத்தில் சில இடங்களில் "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்" என்று வரும். உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம் இல்லை என்பது பொருள். அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. கல்லூரியிலேயே இல்லாததை எடுக்கவில்லை என்று பல்கலைக்கழகம் பொதுவாகக் குறை சொல்வதில்லை. இந்த ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன என்பதால், பாடம் படித்த ஆண்டின் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

அசிஸ்டைவிட எனக்கு உதவியது, அதுவரை யாரும் சொல்லாத இன்னொரு தாள். ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியும் தன் ஒவ்வொரு பாடத்துக்கும் "கோர்ஸ் அவுட்லைன் ஆஃப் ரெக்கார்ட்" என்று ஓர் ஆவணம் வைத்திருக்க வேண்டும். பாடத்தின் முன்தேவை, நடத்த வேண்டிய தலைப்புகள் எல்லாம் அதில் இருக்கும். சில கல்லூரிகளில் எந்தத் தலைப்புக்கு எத்தனை மணி நேரம் என்பதும் இருக்கும். பொதுவில் கிடைப்பதுதான். அந்தக் குளிர்காலத்தில் நான் ஐந்தாறு கல்லூரிகளின் நுண்கணித ஆவணங்களை எடுத்து, தொடர்கள் எங்கே வருகின்றன என்று மஞ்சள் பேனாவால் கோடிட்டேன். என் கணவர் அதை எக்ஸெலில் போட்டார். வீட்டில் ஒருவருக்குப் பைத்தியம் பிடித்தால் மற்றவர்கள் ஒத்துழைப்பது எங்கள் வழக்கம்.

இரண்டாவது முறை அட்டவணை போட்டபோது கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தோம். யூசியின் ஒவ்வொரு வளாகமும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது. பெர்க்லியில் 54 என்கிற ஒரே பாடத்துக்குள் நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் சேர்ந்திருப்பதால், சமுதாயக் கல்லூரியில் இவை இரண்டு பாடங்களாக இருந்தால் ஒன்றை மட்டும் முடித்தவருக்கு அந்த 54 பாதிப் பாலம்தான். அங்கே 55 என்கிற தனிநிலைக் கணிதமும் (டிஸ்க்ரீட் மேத்ஸ்) பட்டத்துக்கு வேண்டும். யூசிஎல்ஏ 31ஏ தொடங்கி 33பி வரை ஆறு குவார்ட்டர் பாடங்களோடு சி ப்ளஸ் ப்ளஸ் நிரல் எழுதும் பாடம் ஒன்றையும் கேட்கும். சான் டியாகோவில் வெக்டர் நுண்கணிதத்துக்கு 20இ என்று தனிப்பாடமே இருக்கிறது. மூன்று நான்கு வளாகங்களுக்கு விண்ணப்பிக்கிறவர் இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பொதுவானவற்றை முதலிலும் ஒரே ஒரு வளாகம் மட்டும் கேட்பதைக் கடைசியிலும் வைக்க வேண்டும். நாங்கள் பைதான் வகுப்பை நீக்கிச் சி ப்ளஸ் ப்ளஸ் வகுப்பைப் போட்டது இந்தக் கணக்கில்தான்.

நேரியல் இயற்கணிதத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நுண்கணித வகுப்புகள் எல்லாப் பருவத்திலும் நிறைய நடக்கும், ஏனென்றால் பொறியியல்காரர்களும் அறிவியல்காரர்களும் அதற்கு வருவார்கள். சங்கிலியின் கடைசியில் இருக்கும் பாடங்களுக்குக் கூட்டம் குறைவு. சின்னக் கல்லூரிகளில் அவை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். பதிவு குறைந்தால் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ரத்தாகவும் ஆகும். ஆகவே கடைசிச் செமஸ்டருக்கு என்று இவற்றை ஒதுக்கி வைப்பது ஆபத்து. மகள் 2023 ஸ்ப்ரிங்கில் பன்மாறியும் தனிநிலைக் கணிதமும், அந்த ஃபாலில் நேரியல் இயற்கணிதமும் சி ப்ளஸ் ப்ளஸும், 2024 ஸ்ப்ரிங்கில் வகைக்கெழுச் சமன்பாடுகளும் என்று முடித்தாள். விண்ணப்பம் போடும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், சங்கிலியின் பெரும்பகுதி கையில் மதிப்பெண்ணாகவே இருந்தது. பழைய திட்டப்படி போயிருந்தால் பாதி, "எடுக்கப்போகிறேன்" என்கிற வாக்குறுதியாக இருந்திருக்கும்.

பொதுக்கல்விப் பாடங்களைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கவலைப்படுகிறார்கள். நான் கவலைப்பட வேண்டாம் என்கிற கட்சி. ஆங்கிலம், வரலாறு, கலை, சமூக அறிவியல் என்று பல துறைகளிலிருந்து எடுக்க வேண்டிய பட்டியல் முன்பு யூசிக்கும் சிஎஸ்யூ எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் வெவ்வேறாக இருந்தது. 2025 ஃபால் முதல் சேர்கிறவர்களுக்கு இரண்டுக்கும் பொதுவாகக் கால்-கெட்க் என்று 34 யூனிட் பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. அதை முழுதாக முடிப்பது நல்லதுதான். ஆனால் அதை முடிப்பதற்காக ஒரு கணிதப் பாடத்தைத் தள்ளிப்போடுவது, சோற்றை வடிக்காமல் அப்பளம் பொரிப்பதைப் போன்றது. இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடங்களை மட்டும் முதலிலேயே முடித்துவிட வேண்டும். அவை இல்லாமல் யூசி விண்ணப்பமே நிற்காது. மற்றவற்றில் இரண்டு மூன்றைப் பல்கலைக்கழகத்துக்கென்று மிச்சம் வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு. எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அங்கே ஒவ்வொரு குவார்ட்டரிலும் மூன்று நிரூபணப் பாடங்கள் மட்டுமே இருக்கும். இடையில் ஓர் இசை வரலாறோ மானுடவியலோ இருந்தால் மூச்சு விடலாம். 70 யூனிட்டுக்கு மேல் எடுத்தால் யூசி ஏற்காது என்று ஒரு பயமும் உலவுகிறது. சமுதாயக் கல்லூரியில் மட்டும் படித்தவருக்கு 70-க்கு மேற்பட்டவை யூனிட்டாக எண்ணப்படுவதில்லையே தவிர, அந்தப் பாடங்கள் படித்ததாக ஏற்கப்படும். சேர்க்கைக்குக் குந்தகம் இல்லை.

சிஎஸ்யூ பக்கம் போகிறவர்களுக்கு வழி இன்னும் நேரானது. 2010-இல் வந்த சட்டத்தின்படி, மாற்றலுக்கான இணைப்பட்டத்தை (சமுதாயக் கல்லூரி தரும் இரண்டாண்டுப் பட்டம்) முடித்தவருக்கு அந்தப் பல்கலைக்கழக அமைப்பில் எங்காவது மூன்றாமாண்டு இடம் உறுதி. யூசியில் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ நீங்கலான ஆறு வளாகங்கள் டேக் என்கிற உறுதிச் சேர்க்கையைத் தருகின்றன. அதற்கான விண்ணப்பத்தை ஒரே ஒரு வளாகத்துக்கு, செப்டம்பர் மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மகள் டேவிஸுக்குக் கொடுத்தாள். கிடைத்தது. அங்கேயே போனாள்.

இதோடு கட்டுரையை முடித்துவிடலாம்தான். ஆனால் போன பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டேவிஸில் மேட் 108 என்று ஒரு பாடம் இருக்கிறது. நிரூபணம் எழுதக் கற்றுத்தருவது அதன் வேலை. சான்டா பார்பராவில் மேட் 8, சான் டியாகோவில் மேட் 109 என்று இதற்குச் சகோதரிகள் உண்டு. முதல் வார வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு: மூன்று வெக்டர்கள் ஒன்றையொன்று சாராதவை (எதையும் மற்ற இரண்டைக் கொண்டு உருவாக்க முடியாது), அவற்றை இரண்டிரண்டாகக் கூட்டினால் கிடைக்கும் மூன்று புதிய வெக்டர்களும் ஒன்றையொன்று சாராதவையே என நிறுவுக. நேரியல் இயற்கணிதத்தில் ஏ வாங்கிய என் மகள், மூன்று அச்சுகளின் திசையில் மூன்று வெக்டர்களை எடுத்துக்கொண்டாள், கூட்டினாள், அணியாக எழுதினாள், அணிக்கோவை 2 என்று கண்டாள், 2 பூச்சியம் அல்ல, ஆகவே சாராதவை என்று முடித்தாள். அழகான கையெழுத்து. விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரே வரி வந்தது: இது ஓர் எடுத்துக்காட்டு, நிரூபணம் அன்று.

அன்றிரவு அழைத்தாள். "அம்மா, ரெண்டு வருஷமா நான் படிச்சது என்னன்னே தெரியல" என்றாள். அழவில்லை, அழுதுவிட்டு அழைத்திருக்கலாம். சமுதாயக் கல்லூரியின் நேரியல் இயற்கணிதம் ஏமாற்று வேலை அல்ல. அந்த வகுப்பில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பொறியியலுக்கும் கணினிக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது அணியைச் சுருக்கிச் சமன்பாட்டைத் தீர்ப்பது. அதை அது நன்றாகவே சொல்லித்தருகிறது. அசிஸ்டின் பக்கத்தில் இடமும் வலமும் ஒரே பெயர். ஒன்றில் கணக்கிடுவது எட்டுப் பங்கு, ஏன் என்று கேட்பது இரண்டு பங்கு. இன்னொன்றில் அது தலைகீழாகவும் இருக்கலாம். மறுபடியும் நாங்கள் பெயரைப் பார்த்து ஏமாந்திருந்தோம், இந்த முறை ஆவணத்தின் தலைப்புகளைக்கூடக் கோடிட்டுப் பார்த்துவிட்டு.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியது உண்டு, அவளுக்கு அது பாதி தற்செயலாக வாய்த்தது. காணாமல்போன அந்த ஓர் ஆண்டில்தான் அவள் தனிநிலைக் கணிதம் எடுத்தாள். கணிதத் துறையே நடத்திய வகுப்பு என்பதால் தொகுத்தறிதல் முறையில் பத்துப் பன்னிரண்டு நிரூபணங்கள் எழுதியிருந்தாள். கல்லூரியின் கணிதப் பயிற்சி மையத்தில் மணிக்கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பின்னத்தைத் தலைகீழாக்குவது ஏன் என்று நாற்பது வயது மாணவர் ஒருவர் கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து யோசித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. இன்று யாராவது கேட்டால், நேரியல் இயற்கணிதத்தை இரண்டு ஆசிரியர்கள் நடத்தினால் தேர்வில் "நிறுவுக" என்று கேட்கிறவரின் வகுப்பில் சேரச் சொல்கிறேன். மதிப்பெண் குறையலாம் என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். குறையும்தான்.

டேவிஸில் அவளுக்கு இருந்தவை ஆறு குவார்ட்டர்கள், ஒவ்வொன்றும் பத்து வாரம். 108 முடித்தால்தான் 127ஏ என்கிற மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்). அது 127பி, 127சி என்று மேலும் இரண்டு குவார்ட்டர் நீளும். முதல் ஃபாலில் 108 எடுக்காமல், பழகட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சங்கிலி அடுத்த ஆண்டுக்குள் போய்விடுகிறது. ஆகவே அவள் அந்தச் சிவப்பு மையோடு தொடர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது வாரத்தில், அந்த வெக்டர் கணக்கை எண்களே இல்லாமல் எனக்குத் தொலைபேசியில் நிறுவிக் காட்டினாள்: மூன்று கூட்டுத்தொகைகளையும் அ, ஆ, இ என்று மூன்று எண்களால் பெருக்கிக் கூட்டிப் பூச்சியம் வந்தால், பழைய மூன்று வெக்டர்களும் சாராதவை என்பதால் அ கூட்டல் ஆ, ஆ கூட்டல் இ, இ கூட்டல் அ மூன்றும் பூச்சியம், அப்படியானால் மூன்றுமே பூச்சியம். பிறகு வந்த நுண்புல இயற்கணித வகுப்பில், ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூச்சியமாகிற எண் அமைப்பில் இந்தக் கூற்றே பொய் என்று தெரிந்துகொண்டாள். முதல் வாரத்தில் அவள் கண்ட அந்த அணிக்கோவை 2, வெறும் விடையல்ல, அந்தக் கூற்றின் உயிரே அதில்தான் இருந்தது என்று சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

என் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டு மதிப்பெண் பட்டியலில் மெய்ப்பகுப்பாய்வு, 82 என்று இருக்கிறது. தேற்றங்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்து எழுதி வாங்கியது. மகள் 127ஏ படித்த குளிர்காலத்தில் ஒருநாள், "அம்மா, நீ ஒரு எப்சிலான் சொல்லு, எவ்வளவு சின்னதா வேணும்னாலும். நான் டெல்டா கண்டுபிடிக்கிறேன்" என்றாள். எல்லையின் வரையறையில் வருகிற இரண்டு எண்கள் அவை. நான் நூறில் ஒன்று என்றேன். கண்டுபிடித்தாள். ஆயிரத்தில் ஒன்று என்றேன். அதற்கும் கண்டுபிடித்தாள். நான்காவது தடவையில், அந்த வரையறையில் எப்சிலான் ஏன் முதலில் வருகிறது என்பது எனக்குப் புரிந்தது. அதை நான் எத்தனை தேர்வுகளில் எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் இரண்டு வீடு தள்ளி இருக்கும் குடும்பத்தின் பையன் கைப்பேசியில் தன் அட்டவணையோடு வந்தான். சமுதாயக் கல்லூரியில் முதலாண்டு, கணிதம்தான் படிக்கப் போகிறான். வண்ணம் தீட்டிய கட்டங்கள், எங்களுடையதைவிட எவ்வளவோ நேர்த்தி. சம்மர் கட்டத்தில் வேறொரு கல்லூரியின் பெயரும் "கால்குலஸ் 2" என்பதும் இருந்தன. அந்தக் கல்லூரியின் பாட ஆவணத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்தான். அதில் தொடர்கள் என்கிற சொல் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "சீரீஸ்னு எங்கேயும் இல்லையே ஆன்ட்டி" என்றான். அந்தக் கட்டத்தை அவன் அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு, "அப்ப லீனியர் அல்ஜீப்ராவோட தாளையும் ஒரு தடவ பாத்துரலாமா?" என்று கேட்டான்.